அம்சா ஆன்ட்டி கொடுத்த அஞ்சு பப்ஸ்

பயப்படாதீங்க அக்கா, சிலிண்டர் எதுவும் வரவில்லை. படிக்கட்டில் நின்று "கேஸேய்... கேஸ்!" என்று கத்தியது நான்தான். வெறும் பெல் அடித்தால் புதிதாகக் குடிவந்தவர்கள் திறப்பதே இல்லை. லென்ஸில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, ஆள் இல்லாத மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சிலிண்டர் என்றால் மட்டும் ஓட்டம். நீங்களும் கையெல்லாம் கடலைமாவோடு ஓடி வந்தீர்கள் பாருங்கள், அந்த முகத்தை போட்டோ எடுத்திருக்க வேண்டும்.

நான் நிரஞ்சன். மூணாவது மாடி. பிளஸ் டூ. இந்த இட்லிப்பொடி அம்மா கொடுத்துவிட்டது. சரி, அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொடுத்துத்தான் விட்டிருப்பாள். நீங்கள் பாட்டுக்கு பஜ்ஜியைப் போடுங்கள், நான் இப்படி அடுப்படி வாசலிலேயே நின்றுகொள்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. உங்களைக் குரூப்பில் சேர்த்துவிட்டார்களா? பிளாட்ஸ் குரூப்பைக் கேட்கவில்லை, அது தண்ணி வரவில்லை, லிப்ட் ஓடவில்லை குரூப். நான் கேட்பது படக் குரூப். 'பொன்னி பப்ஸ்' என்று பேர் இருக்கும், முட்டை பப்ஸ் படம் போட்டிருக்கும். சேர்த்தாச்சா! நேற்றேவா! தெரியும். நம் செக்ரட்டரி அங்கிள் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்றுகூடத் தெரியும். "வாம்மா, வா. நம்ம பொன்னி பிளாட்ஸ்ல ரெண்டே ரெண்டு ரூல்தான். மொட்டை மாடியில வத்தல் காயப்போடக் கூடாது. ஞாயித்துக்கிழமை படத்தப் பத்திப் பேசாம இருக்கக் கூடாது."

சிரிக்கிறீர்கள்! அப்படியேதானே சொன்னார்? மூக்கு சரியாக வந்ததா? அவருக்கு மூக்குத் தண்டு உள்ளே வளைந்திருக்கிறது. அதனால் நான் செய்யும்போது இடது பக்கத்தை இப்படி ஒரு விரலால் அழுத்திக்கொள்வேன். அவ்வளவுதான் ரகசியம்.

குரூப்பில் நான் இருக்க மாட்டேன், தேடாதீர்கள். எடுத்துவிட்டார்கள். ஏன் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். நீங்கள் படித்தவர், புதியவர், யார் பக்கமும் இல்லாதவர். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், என் மேல் என்ன தப்பு?

குரூப்பின் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தியேட்டரில் பார்த்த படத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். போனில் பார்த்தது கணக்கில்லை. வாய்ஸ் நோட்டில்தான் பேச வேண்டும், டைப் அடிக்கக் கூடாது. கடைசியில் அஞ்சுக்கு எத்தனை பப்ஸ் என்று சொல்ல வேண்டும். நம் தெருமுனை தியேட்டர் கேண்டீனில் இடைவேளையில் பப்ஸ் மட்டும்தான் உருப்படி, அதனால் வந்த கணக்கு அது.

இந்தச் சட்டமெல்லாம் போட்டது கோதண்டபாணி அங்கிள். முதல் மாடி, 1ஏ. போன சித்திரையில் இறந்துவிட்டார். கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்தவர், ஜட்ஜுக்குக் கீழே உட்கார்ந்து கட்டு கட்டாக எடுத்துக் கொடுப்பார்களே, அந்த வேலை. முப்பது வருஷம் கீழே உட்கார்ந்தே இருந்ததாலோ என்னவோ, ரிட்டயர் ஆனதும் படங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார். கேட்கிறீர்களா? "ம்ஹும். ம்ஹும். அதாகப்பட்டது, மேற்படி படத்தில் கதாநாயகன் ஆறு பேரை அடிக்கிறான். ஏன் அடிக்கிறான் என்பதற்குச் சாட்சியம் இல்லை. கதாநாயகி வருகிறாள். ஏன் வருகிறாள் என்பதற்கும் சாட்சியம் இல்லை. ஒன்றரை பப்ஸ். படம் தள்ளுபடி செய்யப்படுகிறது."

டைப் அடிக்கக் கூடாது என்பதற்கும் அவர்தான் காரணம் சொன்னார். "டைப் அடிச்சா எவன் வேணா எங்கேர்ந்து வேணா சுட்டுப் போடுவான். குரல் பொய் சொல்லாது." என்னை வைத்துக்கொண்டே சொன்னார் அக்கா! என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் வாய்ஸ் நோட் ஒவ்வொன்றிலும் நடுவில் ஓர் இடம் வரும். அதற்காகத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். அம்சா ஆன்ட்டி, அவர் மனைவி, பின்னாலிருந்து மெதுவாக, "அந்தத் தங்கச்சியா வந்த பொண்ணு நல்லாப் பண்ணியிருந்துச்சே..." என்று ஏதோ ஆரம்பிப்பார். உடனே அங்கிள், "உனக்கென்ன தெரியும் அம்சா, சும்மா இரு." அவ்வளவுதான், ஆன்ட்டி சத்தம் நின்றுவிடும். அங்கிள் விட்ட இடத்திலிருந்து தீர்ப்பைத் தொடர்வார். பொன்னி பிளாட்ஸ் முழுக்க அது பாட்டு மாதிரி பரவிவிட்டது. கிரிக்கெட்டில் அவுட் கேட்டால் "உனக்கென்ன தெரியும் அம்சா, சும்மா இரு." அம்மா அப்பாவிடம் சொல்வாள், அப்பா பால்காரரிடம் சொல்வார். செக்ரட்டரி அங்கிள் அசோசியேஷன் மீட்டிங்கிலேயே சொன்னார், ஆன்ட்டியை முன்வரிசையில் வைத்துக்கொண்டு. ஆன்ட்டியும் சிரித்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வரியை நான் கண்டுபிடிக்கவில்லை. அது பொதுச் சொத்து.

எனக்குப் போன வருஷம்தான் குரல் உடைந்தது. மற்ற பையன்கள் வகுப்பில் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டார்கள். எனக்கு அடித்தது யோகம். மேல்மாடியில் பெண்கள், கீழ்மாடியில் ஆண்கள், இரண்டுக்கும் சாவி என்னிடம். ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் பேசி முடித்ததும், அத்தனை பேர் சொன்னதையும் அவரவர் குரலிலேயே ஒரு நிமிஷத்தில் சுருக்கிப் போடுவேன். 'நிரஞ்சன் ரவுண்டு' என்று பேர். செக்ரட்டரி அங்கிள் எந்தப் படம் பார்த்தாலும் பார்க்கிங்கைப் பற்றித்தான் பேசுவார். கீழ்வீட்டு மெர்லின் டாக்டர் பல் டாக்டர், அவர் ஹீரோவின் கடைவாய்ப்பல்லைப் பற்றிப் பேசுவார். இதெல்லாம் எனக்குத் தீனி. படத்தைவிட ரவுண்டு நன்றாக இருக்கிறது என்பார்கள். ஏழரை மணிக்கே "தம்பி எங்கப்பா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அங்கிள் இறந்தபின் மூன்று மாதம் குரூப் சோர்ந்து கிடந்தது. ஆடியில் ஒரு ஞாயிறு புது நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் நோட். "வணக்கம். 1ஏ அம்சவேணி பேசறேன். படம் பாத்தேன். நல்லா இருந்துச்சு. மூணு பப்ஸ். வச்சிடறேன்."

'வச்சிடறேன்'! வாய்ஸ் நோட்டில்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கு ரவுண்டில் அதைத்தான் முதலில் போட்டேன். ஆன்ட்டி குரல் ரொம்பச் சுலபம் அக்கா, பக்கத்து அறையில் யாரோ தூங்குகிற மாதிரி நினைத்துக்கொண்டு பேசினால் வந்துவிடும்.

சரி, புருஷன் போய் மூணு மாசத்தில் சினிமாவா என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆன்ட்டி பாட்டுக்குச் சனிக்கிழமை காலைக் காட்சிக்கு, ஒரு துணிப்பை, ஒரு தண்ணி பாட்டில், ஒரு குடை, கிளம்பிவிடுவார். தனியாக. ஞாயிறு பேசுவார். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நீளமாகிக்கொண்டே போனது. போலீஸ் படம் ஒன்று வந்ததே, அதற்கு என்ன சொன்னார் தெரியுமா? "ஆறு பேரை அடிச்சுட்டு வீட்டுக்கு வர்றான். சட்டையெல்லாம் ரத்தம். பொண்டாட்டி அழுவுறா, கட்டிப் பிடிக்கறா, எல்லாம் சரி. அடுத்த சீன்ல அதே சட்டையை வெள்ளை வெளேர்னு போட்டுட்டுப் போறானே, அதை யாரு துவைச்சா? அதைக் காட்டவே இல்ல." இதெல்லாம் விமர்சனமா அக்கா? ஆனால் மெர்லின் டாக்டர் பதிலுக்கு வாய்ஸ் நோட் போட்டார், "ஐயோ ஆன்ட்டி, நான் நாளெல்லாம் அதையே நெனச்சிட்டிருக்கேன்" என்று.

இன்னொரு வாரம் குடும்பப் படம். "ரெண்டே கால் மணி நேரத்துல அம்மாவா நடிச்சவங்க ஒரு தடவைகூட உக்காரல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில சுவத்துல மாலை போட்ட போட்டோவுலதான் உக்காந்திருக்காங்க." குரூப்பில் கைதட்டல் படங்களாகக் கொட்டியது. அம்மா அடுப்படியில் நின்றபடி கேட்டவள், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு எட்டே கால் மணிக்கு நான் ரவுண்டு போட்டேன். நீல டிக் விழுந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதரைக்கு செக்ரட்டரி அங்கிள் ஒரு கட்டை விரல் போட்டார்.

எனக்கொன்றும் வருத்தம் இல்லை. நான் சின்னப் பையன், எனக்கெதற்குப் பொறாமை? குரூப்பின் தரம் போய்விட்டதே என்றுதான் கவலை. விமர்சனம் என்றால் சிரிப்பு வர வேண்டாமா?

ஆவணி முடியும்போது ஒரு படம் வந்தது. ஓர் அம்மா வீட்டில் கோவித்துக்கொண்டு ரயில் ஏறி, ஜன்னலோரமே உட்கார்ந்து ஊர் ஊராகப் போகிற படம். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது. தியேட்டரில் பதினோரு பேர். ஆன்ட்டி இரண்டு தடவை பார்த்தாராம். நாலு நிமிஷம் பேசினார். "அந்தம்மா ஜன்னலோரத்துல உக்காந்து முறுக்கு சாப்பிடறாங்க. முழுப் பொட்டலம். யாருக்கும் குடுக்கல. யாருக்கு எடுத்து வைக்கலாம்னு ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல. எனக்கு அதுவே போதும். அஞ்சுக்கு அஞ்சு பப்ஸ்."

அஞ்சு! அங்கிள் உயிரோடு இருந்தவரை மூன்றைத் தாண்டியது இல்லை. அஞ்சு பப்ஸ் படம் இனிமேல்தான் எடுக்க வேண்டும் என்பார். எனக்கு அப்போதே காதுக்குள் அவர் குரல் ஓட ஆரம்பித்துவிட்டது அக்கா. நான் தேடிப் போகவில்லை. அதுவாக வந்தது.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் அம்மாவின் பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு ரெக்கார்ட் செய்தேன். 1ஏ ஹாலில் சாமான் அதிகம், அங்கே பேசினால் எதிரொலிக்காது. சேலைகளுக்கு நடுவில் பேசினால்தான் அந்த அடங்கிய சத்தம் வரும். "ம்ஹும். ம்ஹும். அதாகப்பட்டது, அம்சா. நான் அஞ்சு மாசம் ஊர்ல இல்லன்னதும் நீ தீர்ப்பு எழுத ஆரம்பிச்சுட்டியா? ஜன்னலோரத்துல முறுக்குத் தின்னா அது படமா? அஞ்சு பப்ஸ் தள்ளுபடி. உனக்கென்ன தெரியும் அம்சா, சும்மா இரு."

என் நம்பரிலிருந்துதான் போட்டேன். ஒளித்து எதையும் செய்யவில்லை. முதலில் செக்ரட்டரி அங்கிள்: "டேய்! அப்படியே இருக்குடா! மயிர்க்கூச்செறியுது!" கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற முகம் எட்டு போட்டார். அவரைப் பார்த்து எல்லோரும் போட்டார்கள். பழையபடி குரூப் களைகட்டியது. நான் ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன், யார் யார் சிரித்தார்கள் என்று. வேண்டுமானால் காட்டுகிறேன்.

இதில் ஒரு சின்ன விஷயம் நான் யோசிக்கவில்லை. வாய்ஸ் நோட்டுகள் ஒன்று முடிந்தால் அடுத்தது தானாகவே ஓடும், இல்லையா? ஆன்ட்டி போனை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு, முதல் நோட்டை மட்டும் அழுத்திவிட்டு, மற்றதெல்லாம் தானாக ஓட ஓடக் கேட்டுக்கொண்டே சமைப்பாராம். யார் அனுப்பியது என்று பார்க்க மாட்டார், குரலே சொல்லிவிடுமே. அன்றைக்கு மெர்லின் டாக்டர் யாரோ ஹீரோயினுக்குக் கிளிப் போட்டிருக்க வேண்டும் என்று பேசி முடித்ததும், அடுத்ததாக அங்கிள்.

அம்மா எனக்காக மன்னிப்புக் கேட்கக் கீழே ஓடினாள். திரும்பி வந்து முதலில் என்னை அறைந்தாள், அப்புறம் அழுதாள். 1ஏ ஹாலில் அங்கிளின் பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர் காபி இருந்ததாம். சர்க்கரை இல்லாமல். அங்கிளுக்குச் சுகர். ஆன்ட்டி, "அவர் சத்தம் கேட்டுச்சும்மா, கை பாட்டுக்குக் கலந்துடுச்சு. கொண்டு வந்து வச்சப்புறம்தான் பாக்கறேன்" என்றாராம்.

நான் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "காபியில ஆடை கட்டியிருந்துச்சாம்மா?" ஏனென்றால், ஆடை கட்டியிருந்தால் ரொம்ப நேரம் எடுக்காமல் வைத்திருந்தார் என்று அர்த்தம். அதற்கு இன்னோர் அறை. நீங்களே சொல்லுங்கள் அக்கா, எந்த மிமிக்ரிக்காரனுக்குக் கிடைக்கும் இப்படி ஒரு பரிசு? கைதட்டுவார்கள், விசிலடிப்பார்கள். காபி யார் போட்டுத் தருவார்கள்?

அடுத்த ஞாயிறு ஆன்ட்டி பேசவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மெர்லின் டாக்டர் "ஆன்ட்டி, வெயிட்டிங்" என்று போட்டார், பதில் இல்லை. ஆனால் சனிக்கிழமை படத்துக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. துணிப்பை, பாட்டில், குடை. பார்ப்பார், வந்து வாயை மூடிக்கொள்வார். பேசாதவர் எதற்குப் படம் பார்க்க வேண்டும்?

அதனால் மூன்றாம் சனிக்கிழமை இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றேன். ஆன்ட்டி கதவைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்கியிருப்பார். நான் மேலேயிருந்து, சத்தம்கூடப் போடாமல், சும்மா சாதாரணமாக, அங்கிள் குரலில், "அம்சா... எங்க கிளம்பிட்ட?"

ஒரு கால் மேல்படியில், ஒரு கால் கீழ்படியில். அப்படியே நின்றார். திரும்பினார். நாலு படி ஏறினார். சாவி துவாரத்தில் சேராமல் கொஞ்ச நேரம் கிணுகிணுத்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் வீட்டு டி.வி. ரிமோட்டைக்கூட மூன்று தடவை அழுத்த வேண்டும் அக்கா!

அடுத்த சனி அவ்வளவும் தேவைப்படவில்லை. வெறும் "ம்ஹும். ம்ஹும்." போதுமாக இருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, திரும்பிவிட்டார். இத்தனைக்கும் நான்தான் என்று அவருக்குத் தெரியும். அம்மா சொல்லியிருக்கிறாளே, ஆன்ட்டி ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லையே. மூளைக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. அதை நினைத்து நினைத்து அன்று முழுக்கச் சிரித்தேன். பேதைக் கால்!

நீங்கள் ஏன் அடுப்பைக் குறைக்கிறீர்கள்? எண்ணெய் காயாது. சரி, கேளுங்கள், இனிமேல்தான் எனக்கு நடந்த அநியாயம் வருகிறது.

அதற்கடுத்த சனியும் நின்றேன். ஆன்ட்டி வெளியே வந்தார். பூட்டவில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் நிமிர்ந்து பார்த்து, "நிரஞ்சா, கீழ வா" என்றார்.

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லதுதான், திட்டுகிற ஆன்ட்டி குரல் என்னிடம் இல்லை, ஒன்று கிடைக்குமே. போனேன். அந்தப் பிரம்பு நாற்காலியைக் காட்டி, "உக்காரு" என்றார்.

"அங்கிள் சேர் ஆச்சே ஆன்ட்டி."

"அதான் உக்காருங்கறேன்."

உட்கார்ந்தேன். எதிரில் ஒரு மோடாவை இழுத்துப் போட்டு அவரும் உட்கார்ந்தார். கையில் துணிப்பை அப்படியே இருந்தது.

"புதன்கிழமை படத்துக்குப் போயிட்டு வந்துட்டேன்" என்றார். "நீ ஸ்கூலுக்குப் போயிருந்த."

பாருங்கள் அக்கா, எவ்வளவு கள்ளத்தனம்!

"அந்தப் படத்தைப் பத்திச் சொல்லப் போறேன். நீ அவரா உக்காந்து கேளு. முப்பத்தோரு வருஷத்துல ஒரு படத்தைப் பத்தியும் நான் முழுசா சொல்லி முடிச்சதில்ல. முடிச்சா என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாது. உனக்குத்தான் அவர் நல்லா வர்றாரே."

எனக்குக் குஷி தாங்கவில்லை. அவராகவே கேட்கிறார்! நான் சாய்ந்துகொண்டேன், அங்கிள் மாதிரியே இடது கணுக்காலை வலது முட்டி மேல் போட்டுக்கொண்டேன். பார்த்ததும் ஆன்ட்டியின் கை பையை இறுக்கிப் பிடித்தது. ஆனால் பேச ஆரம்பித்தார்.

பேய்ப் படம். "பாவம் அந்தப் பேய். புருஷன் வீட்டுல கிணத்துல தள்ளிட்டாங்க. வெளிய வந்து யாரையாவது நாலு கேள்வி கேக்கும்னு பாத்தா, வந்ததும் வராததுமா சமையக்கட்டுக்குத்தான் போவுது. பாத்திரத்தை உருட்டுது. செத்தப்புறமும்..."

"ம்ஹும். உனக்கென்ன தெரியும் அம்சா, சும்மா இரு." சுத்தமாக வந்தது. அங்கிளே எழுந்து வந்திருந்தாலும் அவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார். ஆன்ட்டியின் வாய் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்துவிட்டு, "இன்னும் முடிக்கல" என்றார். குரல் நடுங்கியது. ஆனால் தொடர்ந்தார். "செத்தப்புறமும் சமையக்கட்டுதானான்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு..."

"சும்மா இரு அம்சா."

"இன்னும் முடிக்கல."

இப்படி அஞ்சாறு தடவை. நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசிக்கு முந்தின தடவை நடுக்கம் இல்லை. கடைசித் தடவை நான் சொல்லி முடிக்கக்கூட நிற்கவில்லை, பேசிக்கொண்டே போனார். எனக்கே சலித்துவிட்டது. பேய்க்கு மூணே முக்கால் பப்ஸ் கொடுத்துவிட்டு, "முடிச்சுட்டேன்" என்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"இப்ப, 'நீ சொன்னது சரிதான் அம்சா'ன்னு சொல்லு. அவர் குரல்ல."

இதென்ன பெரிய விஷயம்? இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தேன். "ம்ஹும். ம்ஹும்." அங்கிள்தான். "அதாகப்பட்டது." அங்கிளேதான். "நீ..." அதுவும் சரி, 'நீ'யில் என்ன இருக்கிறது. "சொன்னது சரிதான் அம்சா" என்று வந்ததே, அது செக்ரட்டரி அங்கிள் மாதிரி மூக்கால் வந்தது.

இன்னொரு தடவை செய்தேன். என் குரலிலேயே வந்தது. அதுவும் போன வருஷத்துக் குரல், உடையும்போது கீச்சென்று ஒன்று வருமே, அது.

மூன்றாம் தடவை வெறும் காற்று.

உங்களுக்குப் புரிய வேண்டுமானால் தொழில் ரகசியம் சொல்ல வேண்டும். ஒருவர் குரலைச் செய்கிறேன் என்றால் அவர் எப்போதோ சொன்னதைக் காதுக்குள் ஓடவிட்டு, அதன் பின்னாலேயே போவேன். 'சரி' என்றால், அவர் 'சரி' சொன்ன ஓர் இடத்தைத் தேட வேண்டும். நாலு வருஷ வாய்ஸ் நோட்டும் என் தலைக்குள் இருக்கிறது அக்கா. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவையும் தேடினேன். ஒன்றிலும் இல்லை.

"வரலையா?" என்றார் ஆன்ட்டி.

"தொண்டை சரியில்ல ஆன்ட்டி. மழை. சளி."

"தொண்டைக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "அவருக்கும் தொண்டை நல்லாத்தான் இருந்துச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார் அக்கா. என்னைப் பார்த்து. வாயைப் பொத்திக்கொள்ளாமல், பல் தெரிய. நான் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன், ஆனால் நான் ஒன்றும் செய்யாமலே என்னைப் பார்த்து ஒருவர் சிரிப்பது என்ன மரியாதை? பெரியவர்கள் செய்கிற காரியமா அது?

அப்புறம் பையிலிருந்து போனை எடுத்து, நான் உட்கார்ந்திருக்கும்போதே, அந்தப் பேய்ப் படத்தை முதலிலிருந்து சொல்லி குரூப்புக்கு அனுப்பினார். சனிக்கிழமையே! ஞாயிறுகூட ஆகவில்லை! ஆறு நிமிஷம். கடைசியில் 'வச்சிடறேன்' இல்லை. "எந்திரி, கதவைப் பூட்டணும். மத்தியானக் காட்சிக்குப் போறேன்" என்றார். படியில் இறங்கும்போது நான் பின்னாலிருந்து "ம்ஹும்" என்று பார்த்தேன். நிற்கவில்லை.

அன்று சாயங்காலமே குரூப்பில் ஒரே கொண்டாட்டம். ராத்திரிக்குள் என்னை எடுத்துவிட்டார்கள். எடுத்தது யார்? செக்ரட்டரி அங்கிள்! எட்டு சிரிப்பு போட்டவர்! லிப்டில் பார்த்தபோது கேட்டேன். "தம்பி, ஒரு பெரியவங்க மனசு நோகற மாதிரி... எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்கலப்பா" என்றார். ஆரம்பத்திலிருந்தேவாம்!

அது போகட்டும். நான் வந்தது அதற்கில்லை.

அதற்கப்புறம் மூன்று வாரமாகப் பழகுகிறேன், பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு. அந்த ஒரே வரியை மட்டும். சில நாள் வருகிற மாதிரி இருக்கிறது, சில நாள் இல்லை. வந்ததா இல்லையா என்று யாரிடம் கேட்பது? அம்மா காதைப் பொத்திக்கொள்கிறாள். அப்பா அந்தப் பேச்சையே எடுக்காதே என்கிறார். மற்றவர்கள் ஆரம்பிக்கும்போதே கதவைச் சாத்துகிறார்கள். உங்களுக்குப் பழைய வாய்ஸ் நோட் வராது, சேர்த்த நாளிலிருந்துதான் வரும். நீங்கள் ஒருத்தர்தான் இந்தப் பிளாட்ஸில் அவர் குரலைக் கேட்டே இராதவர்.

செய்கிறேன், கேளுங்கள். "ம்ஹும். ம்ஹும். அதாகப்பட்டது... நீ சொன்னது சரிதான் அம்சா."

எப்படி?

உங்களுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதனால்தானே உங்களிடம் வந்தேன். நீங்கள் கேட்டதில்லை, அதனால் நான் எப்படிச் செய்தாலும் உங்களுக்கு அதுதான் அவர் குரல். சரியாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிடுங்கள் அக்கா. ஒரே ஒரு தடவை. அந்தக் கரண்டியை வைத்துவிட்டு, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி.